நோகாத இருக்கை

காக்ஸ் டவுனில் குடியிருந்த ரெமிஜியஸுக்குப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். கன்டோன்மென்ட் வீடுகளையும் மாதா கோயில்களையும் மட்டும் நம்பியிருந்தால் ஒரு சைக்கிளே போதும். ஆனால் கோலார் தங்கவயலில் கிளப்புகள் இருந்தன. ஏற்காட்டில் கான்வென்ட் இருந்தது. சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் துரைமார் பங்களாக்கள் இருந்தன. மழைக்காலம் முடிந்ததும் அங்கெல்லாம் பியானோக் கட்டைகள் ஈரத்தில் ஊதி ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அழைப்பு வரும். கருவிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். முப்பதுகளின் நடுப்பகுதி அது. நகரத்தை விட்டு வெளியே போய்விட்டால் கார்களைப் பார்ப்பதே அபூர்வம். அவருடைய வண்டிச் சத்தம் கேட்டு மாடுகள் மிரண்டு கயிற்றை இழுக்கும்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை, இருக்கையைத் தவிர. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அதன் தோல் பலகைபோல் இறுகிவிட்டது. கீழே இருந்த ஸ்பிரிங்குகள் அசையவே அசையாது. சாலையின் ஒவ்வொரு கல்லும் அவர் தண்டுவடத்தில் ஏறியது. நீண்ட பயணம் போய்வந்த நாளில் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது. சுவரில் சாய்ந்து நின்றபடி சாப்பிடுவார். அவர் மனைவி பிரிஜெட் உப்பை வறுத்துத் துணியில் கட்டி இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள்.

"சீட்டை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நாப்பது வயசு தாண்டிடுச்சு. வண்டி ஓடுது, நீங்க ஓட மாட்டீங்க போலிருக்கு" என்று ஒருநாள் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தச் சனிக்கிழமையே தன் தம்பி நோயலின் கடைக்கு அவரை அழைத்துப் போனாள்.

பிரேசர் டவுனில் மோட்டார் உதிரிச் சாமான்கள் விற்கும் கடை நோயலுடையது. அக்கா புருஷனுக்கென்று நான்கு இருக்கைகளை எடுத்துவைத்திருந்தான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பொருத்தி உட்காரச் சொன்னான்.

முதல் இருக்கை பஞ்சு மூட்டை போலிருந்தது. உட்கார்ந்ததும் ரெமிஜியஸ் சிரித்தார். "இதுவே போதும்பா."

"இறங்காதீங்க மச்சான். மொதல்ல எல்லா சீட்டும் சொகமாத்தான் இருக்கும். பேப்பர் படிங்க. அரைமணி கழிச்சு சொல்லுங்க" என்றான் நோயல்.

அவன் சொன்னது சரியாகவே இருந்தது. பஞ்சு அமுங்கி அமுங்கி, அடியில் இருந்த தகடு தொடையில் குத்தத் தொடங்கியது. இரண்டாவது ரப்பர், வெயிலில் கொதிக்கும் என்று பிரிஜெட்டே தள்ளிவிட்டாள். மூன்றாவது மிகவும் உயரம். அதில் உட்கார்ந்தால் கைப்பிடியை எட்டுவதற்கு முதுகு வளைந்தது.

நான்காவது அகலமான தோல் இருக்கை. பின்பக்கம் இடுப்பெலும்பு இரண்டும் பதியும்படி பரந்தும், முன்பக்கம் தொடை உரசாதபடி குறுகியும் இருந்தது. அடியில் நீளமான ஸ்பிரிங்குகள். ஏறி உட்கார்ந்தபோது அது அமுங்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, உடம்பை வாங்கிக்கொண்டது. நோயல் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். ஆட்டம் மேலே வந்து சேரவேயில்லை.

"எப்படி இருக்கு மச்சான்?"

ரெமிஜியஸ் பதில் சொல்லவில்லை. பத்திரிகை கையில் இருந்தது. முகம் தெருவைப் பார்த்திருந்தது. நோயல் இரண்டாம் முறை கேட்டான். பிரிஜெட் கிட்டே வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவர் திடுக்கிட்டு, "என்ன, என்ன கேட்ட?" என்றார்.

"உக்காந்தபடி தூங்கிட்டீங்க" என்று நோயல் சிரித்தான். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இதுதான் உங்க சீட்டு."

பிரிஜெட்டும் சிரித்தாள். பிரசங்கத்தின்போது அவர் தூங்குவது கோயில் முழுக்கத் தெரிந்த விஷயம். ஜெபமாலை சொல்லும்போதும் நடுவில் அவர் குரல் நின்றுபோகும். அலைச்சல் ஜாஸ்தி, பாவம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

புதிய இருக்கையில் முதல் பயணம் தங்கவயலுக்கு. திரும்பி வந்த ரெமிஜியஸ் வாசலிலேயே குனிந்து நிமிர்ந்து காட்டினார். வலி இல்லை. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிரிஜெட் உப்புத் துணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அவர் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. ஹொசகோட்டை ஏரிக்கரையைக் கடந்தது அவருக்கு நினைவில்லை. கரை மேல் சாலை குறுகலாக வளைந்து போகும். எப்போதும் வேகத்தைக் குறைத்துக் கவனமாகப் போகிற இடம். அன்று ஏரிக்கு முன்னால் இருந்த மண்டபம் நினைவில் இருந்தது. அடுத்து நினைவில் இருந்தது, ஏரியைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் வரும் ராகி வயல்கள். இடையில் ஏதாவது பாட்டு நினைப்பில் மனம் போயிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரி ரோட்டில் யாரோ கத்தும் சத்தம் கேட்டது. பார்த்தால் அவர் சாலையின் தவறான ஓரத்தில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு மாட்டு வண்டிக்காரன் எழுந்து நின்று, சாட்டையை ஆட்டி ஏசிக்கொண்டிருந்தான். எப்போது அந்த வண்டியைத் தாண்டினார் என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு கிராம்பை மென்றுகொண்டே ஓட்டினார். உரக்கப் பாடினார். கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டார். சில பயணங்கள் முழுதாக நினைவில் நின்றன. அப்போதெல்லாம் தொல்லை தீர்ந்துவிட்டது என்று நம்பினார். வீட்டில் சொன்னால் பிரிஜெட் வண்டியைத் தொட விடமாட்டாள். வெளியூர் வேலை போனால் மிஞ்சுவது ஏதோ நாலைந்து கோயில் ஆர்கன்கள். அது மட்டுமல்ல, அந்த இருக்கையில் வலியில்லாமல் போகும் சுகத்தை விட அவருக்கு மனமில்லை.

பிரிஜெட்டுக்கு வேறொரு மாற்றம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் ஊரிலிருந்து வந்ததும் வழியில் பார்த்ததையெல்லாம் சொல்வார். எந்தப் பாலத்தில் தண்ணீர் போனது, எந்தச் சந்தையில் என்ன விற்றது, எந்தக் குரங்கு தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது என்று. இப்போது கிளம்பிய ஊரையும் போய்ச்சேர்ந்த ஊரையும் பற்றித்தான் பேசினார். நடுவில் சாலை என்று ஒன்றே இல்லாததுபோல.

கார்த்திகை பிறந்த சமயம் ஏற்காட்டுக்குப் போனவர், ஒரு புதன்கிழமை அந்தி மயங்கும்போது திரும்பினார். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வண்டியின் முன்விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. பிரேக் கம்பி வளைந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"நாய் குறுக்க வந்துடுச்சு போல" என்றார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் பிரிஜெட் துணியும் வாளியுமாக வண்டியைத் துடைக்கப் போனாள். கால் வைக்கும் கம்பிக்குப் பக்கத்தில் காய்ந்த ரத்தம் இருந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் என்ஜின் மேலும் புகைக்குழாய் மேலும் வெள்ளையாக எதுவோ தெறித்து, சூட்டில் பழுப்பாகக் காய்ந்து போயிருந்தது. முதலில் சுண்ணாம்பு என்று நினைத்தாள். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். பிறகு துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

ரெமிஜியஸ் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நேத்து எதை இடிச்சீங்க?"

"நாய்னு சொன்னேனே."

"பாத்தீங்களா?"

அவர் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டியில தயிரு காஞ்சு கெடக்கு" என்றாள் பிரிஜெட். "நாய் தயிர் தூக்கிட்டுப் போகாதுங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹொசகோட்டை ஏரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

"நேத்து எங்க வரைக்கும் ஞாபகம் இருக்கு?"

"அத்திபெலே கேட் ஞாபகம் இருக்கு. காவக்காரன் பீடி பத்த வெச்சிட்டிருந்தான். அப்புறம் சந்தாபுரம் சந்தைத் திடல். அங்கதான் லைட்டு உடைஞ்சிருக்கிறதைப் பாத்தேன். நடுவுல ஒண்ணும் இல்ல பிரிஜெட். கதவைச் சாத்தின மாதிரி."

"கிளம்புங்க."

"எங்க?"

"அந்த நடுவுக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. "நாமளே போய்க் கேட்டா நாமதான்னு தெரிஞ்சிடும். ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம். ஒண்ணும் ஆகாமகூட இருக்கலாம்" என்றார் தாழ்ந்த குரலில்.

"அங்க யாரோ அடிபட்டுக் கெடக்குறாங்க. நீங்க வர்லன்னா நான் மட்டும் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பழைய வேட்டிகளையும் இரண்டு ரொட்டிகளையும் பையில் வைத்தாள். அவர் தொப்பியைத் தேடி எடுத்தார்.

கலாசிபாளையத்திலிருந்து ஓசூர் போகும் மோட்டார் பஸ்ஸில் ஏறிச் சந்தாபுரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து அத்திபெலேயை நோக்கி நடந்தார்கள். வானம் மூடியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். கிளைகள் மேலே கூடி, நடுப்பகலிலும் சாயங்காலம் போலிருந்தது. இந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறார் ரெமிஜியஸ். கால்நடையாக அதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. எந்த மரத்தைப் பார்த்தாலும் இதுவாக இருக்குமோ என்று தோன்றியது. ஓரிடத்தில் காகங்கள் கூட்டமாக இறங்கியிருந்தன. அவர் நின்றுவிட்டார். பிரிஜெட் மட்டும் கிட்டே போய்ப் பார்த்தாள். செத்த பெருச்சாளி.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வயல்களுக்கு அப்பாலிருந்து பறைச் சத்தம் கேட்டது. சாவுப் பறை. வரப்பு வழியாக ஒரு பாடை வந்துகொண்டிருந்தது; சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகவேண்டும். கூட்டம் நெருங்க நெருங்க ரெமிஜியஸின் முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். பாடை அவருக்கு எதிரே சாலையைத் தாண்டியது. உடம்பு பூவால் மூடியிருந்தது, முகம் தெரியவில்லை. பிரிஜெட் கடைசியில் வந்த பெண்ணிடம் கன்னடத்தில் கேட்டாள்.

"யாரம்மா போனது?"

"எங்க பெரியமாமனார். கோடையிலிருந்தே படுக்கைதான்" என்றாள் அந்தப் பெண்.

பிரிஜெட் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெமிஜியஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஒரு ஏரிக்கரைத் திருப்பத்துக்கு முன்னால் அவர்கள் தேடியது கிடைத்தது. ஆலமரத்தடியில் பானை ஓடுகள். மண்ணில் வெள்ளைக் கறை. அதில் எறும்புகள் சாரி சாரியாக மொய்த்துக்கொண்டிருந்தன. பானைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணி ஒன்று முள்செடியில் சிக்கிக் கிடந்தது. சாலையின் நடுவில் அல்ல, நன்றாக ஓரத்தில், நடப்பவர்கள் ஒதுங்கி நிற்கிற இடத்தில்.

மரத்துக்குப் பின்னால் ஆடுகளுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இவர்களைப் பார்த்து வந்தார். கேட்காமலே சொன்னார். நேற்றுச் சாயங்காலம் நஞ்சம்மா என்கிறவள், தயிர்க்காரி, சந்தாபுரத்துக்குப் பானையோடு போனாள். ஒரு மோட்டார் பைக் வந்து அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது.

"உயிரோட இருக்காளா?" என்று கேட்டாள் பிரிஜெட்.

"ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்தினோம். ஏத்தும்போது பேச்சு இல்ல." அவர் ரெமிஜியஸை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"விஷயம் கேள்விப்பட்டு வந்தோம்" என்றாள் பிரிஜெட். அதைச் சொல்லும்போது அவள் கணவனைப் பார்க்கவில்லை.

சந்தாபுரத்துக்குத் திரும்பி, ஜட்கா வைத்துக்கொண்டு ஆனேக்கல் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு தடவை ரெமிஜியஸ், "செத்திருந்தா?" என்றார். பிரிஜெட் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சம்மா சாகவில்லை. பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இடது கால் இடுப்பு வரைக்கும் கட்டை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சிராய்ப்பு. கட்டிலோரத்தில் தரையில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். தொப்பியும் கால்சட்டையுமாக வந்தவரையும், கழுத்தில் ஜெபமாலையோடு வந்தவளையும் பார்த்து, நோயாளிகளுக்கு ரொட்டி கொடுத்து ஜெபம் பண்ண வரும் மிஷன்காரர்கள் என்று நினைத்து எழுந்து கும்பிட்டான். ரெமிஜியஸ் அந்தக் கும்பிடைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரிஜெட் ரொட்டியைக் கொடுத்தாள். "எப்படி ஆச்சு தாயீ?" என்று கேட்டாள்.

நஞ்சம்மா கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"தூரத்திலேயே சத்தம் கேட்டுச்சும்மா. நான் ஓரமா ஒதுங்கி நின்னேன். அந்த ஆளும் ஓரமா வந்தான். இன்னும் ஒதுங்கினேன். இன்னும் ஓரமா வந்தான். நான் கத்தினேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு வந்தான். கண்ணைக்கூட எடுக்கல. என்னைப் பாத்து, என் மேலயே ஏத்தினான்."

கட்டை வைத்துக் கட்டிய காலை அவள் தொட்டுப் பார்த்தாள்.

"கால் போனா போகுது" என்றாள் நஞ்சம்மா. "ராத்திரி முழுக்க அதையேதான் யோசிச்சேன். அந்த மனுஷனை நான் பாத்ததே இல்ல. யாரோட வழிக்கும் போகாதவ. என்னைக் கொல்லணும்னு அவனுக்கு ஏன் தோணுச்சு? நான் என்ன பண்ணினேன் அவனுக்கு?"

பிரிஜெட் வாயைத் திறப்பதற்குள் ரெமிஜியஸ் பேசினார். அவருடைய கன்னடம் உடைந்து உடைந்து வந்தது.

"நான்தாம்மா. நான்தான் வந்தது."

நஞ்சம்மாவின் கணவனுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு ரெமிஜியஸின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். தலை மோதியது. ரெமிஜியஸ் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது தடவை தள்ளும்போது கட்டிலிலிருந்து நஞ்சம்மாவின் குரல் வந்தது.

"விடு அவரை. ஏன்னு கேளு. எனக்கு அதுதான் தெரியணும்."

"நான் தூங்கிட்டேம்மா" என்றார் ரெமிஜியஸ். "ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். உன்னை நான் பாக்கல. இடிச்சதும் தெரியல. இன்னிக்குக் காலை வரைக்கும் தெரியல."

நஞ்சம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். நேற்று மாலை பார்த்த முகம்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோல் உற்றுப் பார்த்தாள்.

"பொய்" என்றாள். "உங்க கண்ணு தொறந்திருந்துச்சு."

அதற்கு மேல் அவர் என்ன சொல்லியும் அவள் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே ரெமிஜியஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தானாகவே எழுதிக்கொடுத்தார். வழக்கு நடந்தது. தூங்கினேன் என்று அவர் சொன்னதைக் கோர்ட்டிலும் யாரும் முழுதாக நம்பவில்லை. குடித்திருப்பார் என்று சிலர் நினைத்தார்கள். அபராதம் விழுந்தது, வண்டி ஓட்டும் லைசென்ஸ் ரத்தாயிற்று. மோட்டார் சைக்கிளை நோயல் மூலமாக விற்று, வந்ததை நஞ்சம்மாவின் வீட்டில் கொடுத்தார்கள். அவள் கணவன் வாங்கிக்கொண்டான். உட்காரச் சொல்லவில்லை.

கன்டோன்மென்டில் டாக்டர் ஸ்ரீகண்டன் என்பவரிடம் பிரிஜெட் கணவனை அழைத்துப் போனாள். அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். பிரசங்கத்தில் தூங்குவது, ஜெபத்தில் குரல் நிற்பது, சிரிக்கும்போது சில சமயம் முழங்கால் தளர்வது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இது அசதி இல்ல, வியாதி. ரொம்ப நாளாவே உங்ககிட்ட இருந்திருக்கு" என்றார் டாக்டர். "பழைய சீட்டு குத்திக் குத்தி உங்களை முழிக்க வெச்சிருக்கு. வலி போச்சு, தூக்கம் வந்து உக்காந்துக்கிச்சு. என்கிட்ட இதுக்கு மருந்து கிடையாது."

"அப்போ பழைய சீட்டையே வெச்சிருந்தா, டாக்டர்?" என்று கேட்டார் ரெமிஜியஸ்.

டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வலியும் பழகிப்போகும் மிஸ்டர் ரெமிஜியஸ். அன்னிக்கு இல்லாட்டி வேற ஒரு நாள்."

அதன் பிறகு ரெமிஜியஸ் ரயில் போகிற ஊர்களுக்கு மட்டும் போனார். பிரிஜெட் கூடவே போனாள். அவர் பியானோவுக்குள் குனிந்து கம்பிகளை முறுக்கும்போது அவள் பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலித்து நின்றுபோனால் எழுந்து போய்ப் பார்ப்பாள்.

மாதத்துக்கு ஒருமுறை அவள் மட்டும் நஞ்சம்மாவின் ஊருக்குப் போய் வந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது. கோலூன்றி நடந்தாள். பானை தூக்க முடியாது. எருமைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். பிரிஜெட் கொண்டுபோகும் துணிமணியையும் மருந்து எண்ணெயையும் வாங்கிக்கொள்வாள், சகஜமாகப் பேசுவாள். கிளம்பும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்பாள்.

"உங்க வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னாரா?"

"அவர் சொன்னதுதான் உண்மை நஞ்சம்மா."

"கண்ணு தொறந்திருந்துச்சும்மா" என்பாள் அவள். கோபமாகச் சொல்லமாட்டாள். அதுதான் பிரிஜெட்டுக்குப் பயமாக இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவன் தன்னைக் கொல்ல விரும்பினான் என்ற நினைப்போடு அவள் வாழப் பழகிக்கொண்டிருந்தாள். சாலைக்குப் போவதில்லை. வேற்றாள் யாராவது ஊருக்குள் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மறு வருஷம் மாசி மாதத்தில் ரெமிஜியஸ் தானும் வருவதாகச் சொன்னார். பிரிஜெட் வேண்டாம் என்றாள். "அவ என்னைத் திட்டட்டும். நேர்ல திட்டட்டும்" என்றார்.

அவர்கள் போனபோது நஞ்சம்மா எருமைக் கொட்டகையில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. கொட்டகை வாசலில் கிடந்த உரல்மேல் அவரை உட்காரச் சொன்னாள். அவள் கணவன் வயலில் இருந்தான்.

வெகுநாள் அடக்கிவைத்ததையெல்லாம் அவள் பேசினாள். கால் வலிக்கும் இரவுகளைப் பற்றி, தன்னிடம் தயிர் வாங்கியவர்கள் இப்போது வேறொருத்தியிடம் வாங்குவதைப் பற்றி, தங்கையின் கல்யாணத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்ததைப் பற்றி. ரெமிஜியஸ் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா" என்றார். "என் தப்புதாம்மா" என்றார்.

"தப்புன்னு சொல்றீங்க. ஏன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. இன்னிக்காவது சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் நஞ்சம்மா.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை.

"கேக்கறேன்ல?"

பிரிஜெட்டுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் போனாள். நஞ்சம்மா கையை நீட்டி அவளைத் தடுத்தாள். உரல்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதரையே பார்த்தபடி, கோலை ஊன்றி ஊன்றிக் கிட்டே போனாள். அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். இமை அசையவில்லை. கன்றுக்குட்டி ஒன்று வந்து அவர் விரல்களை நக்கியது. கை அப்படியே தொங்கியது. கண்கள் விரியத் திறந்து, அவளையே பார்த்தபடி இருந்தன. அந்தப் பார்வையில் யாரும் இல்லை.

நஞ்சம்மா பின்வாங்கி வந்து பிரிஜெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதே பார்வைதாம்மா" என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான் வந்தாரு."

பிரிஜெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். எருமை அசைபோடும் சத்தம் கேட்டது. வெயில் கொட்டகைக் கூரையின் ஓட்டைகள் வழியாக அவர் தோள்மேல் விழுந்திருந்தது. யாரும் அவரை எழுப்பவில்லை.

"அடுப்புகிட்ட விடாதீங்கம்மா" என்று மெல்லச் சொன்னாள் நஞ்சம்மா. "கெணத்தடிக்குத் தனியா விடாதீங்க. படிக்கட்டுல முன்னால போக விடாதீங்க."

"சரி" என்றாள் பிரிஜெட்.

கொஞ்ச நேரத்தில் ரெமிஜியஸின் இமைகள் அசைந்தன. எதுவும் நடக்காததுபோல் நஞ்சம்மா முன்பு நின்றிருந்த இடத்தைப் பார்த்து, "ஆமாம்மா, சொல்றேன்" என்றார். அவள் அங்கே இல்லை என்பது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது. கன்றின் எச்சிலில் நனைந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எப்படி நனைந்தது என்று இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தேடினார்.